கால்பந்துப் பேராசான் சையது அப்துல் ரஹீம்

மாலை வேளைகளில் கமண்டல நாகநதியின் மணற்பரப்பில் முள்ளிப்பட்டுச் சிறுவர்கள் பந்து உதைத்து விளையாடுவதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். பள்ளி விட்டு வந்ததும் சிறிது நேரம் தறியருகே தந்தைக்குத் துணைநின்று, அவர் கண் அயர்ந்த பொழுதில் ஆற்றை நோக்கி ஓடிவரும் பிள்ளைகள் அவர்கள். அச்சிறுவருள் சிலரே பின்னர் நம் கல்லூரி வகுப்பறைகளில் மாணவராய் வந்து அமர்கின்றனர். பந்து சோறு போடுமா என்று ஊர்ப் பெரியோர் கேட்பதுண்டு. அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கை குறைந்தால் அன்றைய கூலியும் குறையும் வீடுகள் இவை. ஆயினும் அவ்வினாவிற்கு வாதத்தால் விடை கூறுவதினும் ஒருவர்தம் வாழ்க்கையால் விடை கூறுதல் தக்கது எனக் கருதுகிறோம். அதனாலேயே, இந்தியக் கால்பந்தின் பேராசான் என்று போற்றப்பெறும் ஐதராபாத் சையது அப்துல் ரஹீம் அவர்களின் வரலாற்றை இம்மலருக்கு எழுத முற்பட்டோம்.

இளமையும் கல்வியும்

ரஹீம் அவர்கள் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் நிஜாம் மன்னரின் தலைநகர். அங்கு 1918ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உசுமானியாப் பல்கலைக்கழகம், ஆங்கிலமே கல்விமொழியாய்க் கோலோச்சிய காலத்தில் உருது மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு உயர்கல்வி அளித்தது. தாய்மொழிக் கல்வி பற்றிப் பேசும் தமிழ்த்துறையினராகிய நாம் இச்செய்தியை நினைவிற்கொள்ளல் நன்று. அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற ரஹீம் அவர்கள் இளங்கலைப் பட்டம் பெற்றதோடு பல்கலைக்கழகக் கால்பந்து அணியிலும் விளையாடிப் பெயர் பெற்றார். பின்னர்ப் பல்கலைக்கழக மாணவரும் முன்னாள் மாணவரும் கூடி அமைத்த ஓர் அணியில் சேர்ந்தார். கமர் சங்கம் என்னும் பெயரால் உள்ளூர்ப் போட்டிகளில் முன்னணியில் நின்ற அணி அது.

ஆட்டக்காரராய் அவர் பெற்ற பெயர் ஐதராபாத்தின் எல்லைக்குள் அடங்கியது. தம் ஆட்டத்தால் உலகறியப்படும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பிறரை ஆடச் செய்வதிலேயே அவர்தம் ஆற்றல் அடங்கியிருந்தது.

ஆசிரியப் பணி

படிப்பை முடித்த ரஹீம் அவர்கள் ஆசிரியத் தொழிலை ஏற்றார். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி ஆகியவற்றில் பணியாற்றினார். பட்டப்படிப்பிற்குப் பின் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, இறுதியாகக் கூறிய இரு பள்ளிகளிலும் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

இளங்கலைப் பட்டம் பெற்றவர் அலுவலகங்களில் மதிப்பான பதவிகளை நாடிச் செல்லத்தக்க காலம் அது. அக்காலத்தில் கரும்பலகையை விட்டு வெயிலடிக்கும் திடலுக்கு அவர் விரும்பிச் சென்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வகுப்பறைக்கும் திடலுக்கும் இடையே அவர் வேற்றுமை கண்டதாகத் தோன்றவில்லை. எழுத்தறிவிப்பவன் முதலில் எழுத்தையும், பின்னர்ச் சொல்லையும், அதன்பின் தொடரையும் கற்பித்தல் போல, அவரும் பந்தைத் தடுத்தல், தள்ளுதல், பெறுதல் என்று படிப்படியாகக் கற்பித்தார்.

1943ஆம் ஆண்டில் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளராக அவர் பொறுப்பேற்றார். இறக்கும்வரை அப்பொறுப்பில் நீடித்தார். நிஜாம் ஆட்சி முடிந்து 1948ஆம் ஆண்டில் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. ஆட்சி மாறிய அந்நாள்களிலும் திடல்களில் ஆட்டம் அறுபடாது தொடர்ந்ததில் இவ்வாசிரியரின் பங்கு பெரிது.

காவல்துறை அணியின் எழுச்சி

1950ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநராக ரஹீம் அவர்கள் விளங்கினார். அக்காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தா என்பதே வழக்கு. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதியன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெருஞ்சங்கங்கள் அங்கே இருந்தன. அவற்றிற்குச் செல்வரின் ஆதரவும் பல்லாயிரவர் கூட்டமும் உண்டு. ஐதராபாத் அணியினரோ காவல்துறையில் ஊதியம் பெற்று, ஓய்ந்த நேரத்தில் பயின்றவர்கள்.

அத்தகைய அணி பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் வென்றது. 1888இல் தொடங்கப்பெற்ற தொன்மையான துராந்து கோப்பையையும் 1950இல் மோகன் பகானை இறுதியாட்டத்தில் வீழ்த்திக் கைக்கொண்டது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் ஐதராபாத் வென்றபோதும் பயிற்றுநர் இவரே. அசீசுதீன், நூர் முகமது, சுல்பிகர், யூசுப் கான் முதலிய வீரர்கள் இந்நகரிலிருந்து இந்திய அணிக்குச் சென்றனர்.

பயிற்சி முறை

இவ்வெற்றிகளின் வேரை அவர்தம் பயிற்சி முறையில் காணலாம். அக்கால இந்திய ஆட்டக்காரர் பலர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு, எதிரிகள் இருவர் மூவரை ஏய்த்து ஓடுவதைப் பெருந்திறமையாகக் கருதினர். கூட்டமும் அதற்கே கைதட்டியது. ஆனால் அவ்வாறு ஒருவர் ஓடும் நேரத்தில் ஏனைய பதின்மரும் வாளா நிற்பர். எதிரணியினர் தம் இடங்களுக்குத் திரும்பி அரண் அமைத்துக்கொள்ளவும் அவகாசம் கிட்டும்.

இதனை மாற்ற ரஹீம் அவர்கள் இருவகைப் போட்டிகளை நடத்தினார். முதல்வகையில் பந்தைக் காலிற்கொண்டு ஏய்த்து ஓடுதல் தடைசெய்யப்பட்டது. பந்து வந்தவுடன் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். அதனால் பந்து தம்மிடம் வருமுன்னரே, அதனை யாருக்கு அனுப்பலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் உண்டாயிற்று. பந்தில்லாதவரும் அதனைப் பெறத்தக்க இடம் தேடி ஓடக் கற்றனர். இரண்டாம் வகையில் ஒவ்வொருவரும் தமக்கு வலிமை குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும். வலக்கால் பழக்கமுள்ளவர் இடக்காலையும், இடக்கால் பழக்கமுள்ளவர் வலக்காலையும் பழக்கினர். இரு கால்களும் பழகியவர் எப்பக்கம் திரும்புவார் என்பதை எதிரியால் முன்னறிய இயலாது. எளிய கருத்துகளே இவை. பெரும்பொருட்செலவு எதுவும் இவற்றிற்கு வேண்டியதில்லை.

நம்மூரார்க்கு இதனைத் தறியைக் கொண்டே விளக்கலாம். நாடா ஒரு பக்கத்தில் தங்கிவிட்டால் சேலை வளராது. அது இடமும் வலமும் ஓயாது சென்றுவந்தால்தான் பாவும் ஊடையும் கூடிப் பட்டாகும். நாடாவை வீசுவதற்கு இருபுறமும் கை பழகியிருத்தலும் வேண்டும். ஐதராபாத் ஆசிரியர் திடலில் கற்பித்ததும் இதுவேயாம்.

புதிய ஆட்ட அமைப்புகளைக் கற்பதிலும் அவர் முந்தி நின்றார். 1953ஆம் ஆண்டில் ஹங்கேரி அணி இலண்டன் சென்று, சொந்த மண்ணில் ஆடிய இங்கிலாந்தை 6-3 என்னும் கணக்கில் வென்றது. நடுமுன்னணி வீரர் சற்றே பின்வாங்கி நின்று எதிரணியின் தற்காப்பைக் குலைத்த முறை அன்று உலகின் கவனத்தை ஈர்த்தது. தொலைக்காட்சி இல்லாத ஐதராபாத்தில் இருந்த இவ்வாசிரியர் அம்முறையை ஆய்ந்து தம் வீரர்க்குப் பொருத்தினார். பின்னிரு வரிசையிலும் முன்வரிசையிலும் முறையே நால்வர், இருவர், நால்வர் என வீரரை நிறுத்தும் அமைப்பையும் இந்திய ஆட்டத்தில் வேரூன்றச் செய்தவர் இவரே என்பர்.

பலராமுக்குக் கிட்டிய மிதிவண்டி

செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். வறிய குடும்பம். அவ்விளைஞரின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் அவர்கள் பயிற்சிக்கு ஐதராபாத் வருமாறு அழைத்தார். அன்றாடம் அவ்வளவு தொலைவு வந்துபோகத் தம்மிடம் பொருள் இல்லை என்று பலராம் தயங்கினார். வாடகை மிதிவண்டிக்கு வேண்டிய காசை ஆசிரியரே கொடுத்து உதவினார். இதனைப் பின்னாளில் பலராமே நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

அம்மிதிவண்டியில் வந்த இளைஞர் 1956, 1960 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவிற்கு ஆடினார். 1962ஆம் ஆண்டின் ஆசியத் தங்கத்திலும் பங்கு கொண்டார். பந்து சோறு போடுமா என்னும் வினாவைக் கேட்கும் பெரியோர் இதனையும் கருத வேண்டும். மாணவனின் திறமையைக் காண்பது ஆசிரியர் கடமையில் ஒரு பாதி. அவன் ஏன் வரவில்லை என்று கேட்டறிந்து வழிசெய்வது மறுபாதி.

வெறுங்காலும் காலணியும்

1951ஆம் ஆண்டு தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணிக்கு ரஹீம் அவர்கள் பயிற்சியளித்தார். இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என்று வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பெருந்தோல்வி வந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். நம் நாட்டு உலர்ந்த திடலில் பந்தை மென்மையாகக் கையாள உதவிய வெறுங்கால், குளிரும் ஈரமும் நிறைந்த அயல்நாட்டுப் புல்வெளியில் வழுக்கியது. இத்தோல்விக்குப் பின் காலணி அணிதல் கட்டாயமாயிற்று. பெருமை பேசிக்கொண்டிருந்த ஒரு பழக்கத்தை விட்டொழிக்க 10 கோல்கள் வேண்டியிருந்தன என்றே சொல்லலாம். தோல்வியைப் பாடமாக்கிக்கொண்ட ஆசிரியர் நான்கே ஆண்டுகளில் அதற்கு மறுமொழி அளித்தார்.

மெல்போர்னும் உரோமும்

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சமர் பானர்ஜி தலைமையில் இந்திய அணி களமிறங்கியது. டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா 3 கோல்களை அடித்தார். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றில் 3 கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல், கிட்டு என்று அழைக்கப்பெற்ற கிருஷ்ணசாமி அடித்தது. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா எதிர்ப்பட்டது. முதல் கோலை இந்தியாவே அடித்தது என்பது குறிப்பிடத்தக்கது. முடிவில் 1-4 என்று தோற்றாலும் நான்காண்டுகட்கு முன் நிகழ்ந்ததற்கும் இதற்கும் இருந்த தொலைவை உலகம் கண்டது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய நாடு ஒன்று அரையிறுதி வரை சென்றது அதுவே முதன்முறை. சில நாள் கழித்துச் சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை இந்தியா 7-1 என்று மீண்டும் வென்றது.

1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய வலிய அணிகள் இருந்த பிரிவில் இந்தியா இடம்பெற்றது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் பலராம் கோல் அடித்தார். பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்த ஆட்டத்தில் அணித்தலைவர் பி. கே. பானர்ஜி கோல் அடித்தார். அவ்வணியில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜும் இருந்தார். ரஹீம் அவர்களின் மகன் சையது ஷாஹித் ஹக்கீமும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். எனினும் எந்த ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. தந்தை பயிற்றுநர், மகன் ஆட்டக்காரர். அந்நிலையிலும் மகன் வெளியே அமர்ந்திருந்தார் என்பதே அத்தந்தையின் நடுவுநிலைமைக்குச் சான்று. மகனும் பின்னாளில் அனைத்துலக நடுவராய் உயர்ந்து, 2017ஆம் ஆண்டு தயான்சந்த் விருது பெற்றார்.

சகார்த்தா: இறுதிப் பாடம்

1962ஆம் ஆண்டு சகார்த்தா ஆசியப் போட்டிகளே ரஹீம் அவர்களின் வாழ்வில் உச்சம். அவ்வேளையில் அவருடலில் புற்றுநோய் வேரூன்றியிருந்தது. உடல் தளர்ந்த நிலையிலும் அவர் பணியை விட்டு நீங்கவில்லை.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பின்னர்த் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றது. தாய்லாந்துடன் ஆடியபோது தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையலிட நேர்ந்தது. அத்தகையவரை முன்போலவே தற்காப்பில் நிறுத்துவது அரிது. பயிற்றுநர் அவரை முன்னணி வீரராக மாற்றினார். இளமையில் முன்னணியிலும் ஆடிப் பழகியவர் அவர் என்பதை ஆசிரியர் மறவாதிருந்தார். தென்வியட்நாமை 3-2 என்று வென்ற அரையிறுதியில் ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் அடித்தார்.

இறுதியாட்டம் செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் நடைபெற்றது. எதிரணி, முன்பு நம்மை வென்ற அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இப்போட்டிகளில் சேர்க்காததை இந்தியரான குரு தத் சோந்தி கண்டித்ததால் உள்ளூர் மக்கள் இந்தியா மீது சினம் கொண்டிருந்தனர். நூறாயிரம் பேர் திரண்டதாகக் கூறப்படும் அரங்கில் இந்திய அணிக்கு எதிராகவே கூச்சல் எழுந்தது. அந்நாளில் இந்தியர்க்காகக் கைதட்டியவருள் பாகிஸ்தான் வளைகோல்பந்து வீரர்களும் இருந்தனர் என்று நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நெகிழ்ந்து கூறியுள்ளனர். அதே போட்டிகளில் வளைகோல்பந்தில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றவர்கள் அவர்கள்.

ஆட்டத்திற்கு முந்தைய இரவில் ரஹீம் அவர்கள் வீரரை அழைத்து, தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது மறுநாள் வெல்லும் தங்கமே என்றும் கேட்டதாக அவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். இறுதியாட்டத்தில் கோல் காக்கும் பொறுப்பைப் பீட்டர் தங்கராஜிடம் ஒப்படைத்தார். நெடிய உருவினரான தங்கராஜ், படைத்துறையின் மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் வளர்ந்தவர். 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். 85ஆம் நிமிடத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. எஞ்சிய நேரத்தை நம்மவர் காத்துநின்றனர். 2-1 என்று இந்தியா வென்றது. சுனி கோஸ்வாமியின் தலைமையில் வீரர் தங்கப் பதக்கம் அணிந்தனர். பயிற்றுநர்க்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் இல்லை.

மறைவு

அவ்வெற்றிக்குப் பின் ஓராண்டும் நிறையவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் அவர்கள் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை 53. அதே ஆண்டில் பலராமும் நுரையீரல் உறையைத் தாக்கிய நோயால், முப்பது அகவையும் எட்டாத நிலையில் ஆட்டத்தை விட்டு விலகினார் என்பது துயரமான ஒற்றுமை.

1964ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1970ஆம் ஆண்டு ஆசியப் போட்டிகளில் வெண்கலம் பெற்றது. ஆசியத் தங்கம் அதன்பின் இன்றுவரை கிட்டவில்லை. உரோமுக்குப் பின் ஒலிம்பிக் கால்பந்திலும் இந்தியா ஆடவில்லை. ரஹீம் அவர்களின் வாழ்வைத் தழுவி 2024ஆம் ஆண்டில் மைதான் என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தபோதுதான் இளந்தலைமுறையினர் பலர் அவர் பெயரை முதன்முதலாக அறிந்தனர்.

நாம் கொள்ள வேண்டுவன

நல்லாசிரியர் மறைந்தால் அவர் கற்பித்த பாடமும் மறைந்துபோதல் வேண்டுமா என்னும் வினா இவ்வரலாற்றைப் பயிலுந்தோறும் நம் உள்ளத்தில் எழுகிறது. ஐதராபாத்தில் ஒருவர் கண்ட முறையை நாட்டின் பள்ளிதோறும் பரப்புதற்கு, வலிமை குறைந்த காலால் ஆடச் செய்யும் ஒரு திடலும், அதனை அறிந்த ஓர் ஆசிரியருமே போதும். அவ்விரண்டையும் நாம் பெருக்கவில்லை. ஒரு மனிதரின் ஆற்றலைப் புகழ்ந்தோம். அவர்தம் முறையைத் தொடரத் தவறினோம்.

இக்குறையில் நமக்கும் பங்குண்டு. இக்கல்லூரிக்கு வருமுன் பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில், பாடத்தை முடிக்கவேண்டும் என்று கூறி விளையாட்டு வேளையைப் பலமுறை கேட்டுப் பெற்றிருக்கிறோம். உடற்கல்வி ஆசிரியர் மறுமொழி கூறாது திடலிலிருந்து பிள்ளைகளை அனுப்பிவைப்பார். அவரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியர், அவர் கையில் இருப்பதும் ஒரு பாடமே என்னும் எண்ணம் அன்று நமக்குத் தோன்றவில்லை. ரஹீம் அவர்களின் வரலாற்றைப் பயின்ற பின்னரே அது தோன்றியது.

மாணவர்களே, பந்து எல்லாருக்கும் சோறு போடும் என்று நாம் கூற முன்வரவில்லை. ரஹீம் அவர்களும் பட்டம் பெற்ற பின்னரே திடலுக்குப் பொறுப்பேற்றார் என்பதை மறவாதீர்கள். ஆயினும் தன்னிடம் வந்ததைத் தானே வைத்துக்கொள்ளாது உரியவர்க்கு அனுப்பவும், வலிமை குறைந்த காலை ஒதுக்காது பழக்கவும், 10 கோல்களில் தோற்ற பின்னும் எழுந்து கற்கவும் அவர் கற்பித்தார். இவை திடலுக்கு வெளியேயும் பயன்படும் பாடங்கள். பெரியோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஆற்றுமணலில் ஆடும் பிள்ளைகளுள் ஒரு பலராம் இருத்தல் கூடும். தறி நிற்கும் அந்தி நேரத்தில் ஒரு நாழிகை அவர்களை ஆடவிடுங்கள். அவர்களுக்கு மிதிவண்டிக் காசு கொடுக்கும் ஆசிரியராய் விளங்க நாம் முயல்வோம்.